ஒன்பதாம் நம்பர் ரூமும் ஒஹையோ சட்டமும்

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பதினாலாம் பக்கத்தை ஒருக்கா படிச்சிருங்க தம்பி. அச்சடிச்சது இல்லீங்க, அதுக்குக் கீழ பேனாவுல எழுதியிருக்குது பாருங்க, அது. நான் எழுதுனதுதான். நிதானமாப் படிங்க, மத்தியானம் வரைக்கும் எனக்கு வேலை ஒண்ணும் இல்லை.

யாருமே படிக்கறதில்லீங்க. இங்க இருபத்திரண்டு ரூம் இருக்குது. வந்தவங்க எல்லாம் எங்க போடோணும்னு மட்டும் கேட்டாங்க, போட்டாங்க, போயிட்டாங்க. ஒரே ஒருத்தன் படிச்சான். படிச்சுப்போட்டு அவன் என்னைய என்ன பாடு படுத்துனான்னு உங்களுக்குத் தெரியாது. உக்காருங்க, ஃபேனுக்கு நேரா உக்காருங்க. நீங்க வீட்டுச் சாமானை இங்க வெச்சுட்டு ஆறு மாசம் பூனாவுக்குப் போறேங்கறீங்க. நாளைக்கு உங்களுக்கும் எனக்கும் ஒரு மனஸ்தாபம் வரக்கூடாது, அதுக்குத்தான் சொல்றேன். மத்தபடி நான் எதையும் மனசுல வெச்சுக்கற ஆள் இல்லைங்க.

இது முன்னாடி விசைத்தறி ஷெட்டுங்க. தறி கட்டுபடியாகலைன்னு எங்கூட்டுக்காரரு எல்லாத்தையும் வித்துப்போட்டு பேப்பர் படிக்க உக்காந்துட்டாரு. அதோ கடைசியில உக்காந்திருக்காரே, அவருதான். எம்பையன் கவினு அமெரிக்காவுல ஒஹையோங்கற மாநிலத்துல இருக்கறான். அவன்தான் போன்ல சொன்னான், அங்கெல்லாம் ஷெட்டை ரூம் ரூமாத் தடுத்து, ஷட்டர் போட்டு வாடகைக்கு விடறாங்களாம், அவங்கவங்க சாமானை வெச்சு அவங்கவங்களே பூட்டிட்டுப் போயிருவாங்களாம், நாம சும்மா உக்காந்திருந்தாப் போதுமாம். சும்மா உக்காந்திருக்கறதுன்னா எங்கூட்டுக்காரருக்குச் சொல்லியா தரோணும். சரின்னு ஆரம்பிச்சோம்.

ஒப்பந்தம் வேணுமில்லீங்களா. கவினு அங்க ஒரு ரூம் எடுத்திருந்தான், அதுக்கு அவன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தையே எனக்கு அனுப்பி வெச்சான். நான் அதைக் கொண்டுபோய் ஜெராக்ஸ் கடைப் பையன்கிட்டக் குடுத்து, பேரை மட்டும் மாத்து சாமி, வேற ஒரு எழுத்தத் தொட்டியானா காசு தரமாட்டேன்னேன். அவனும் தொடலை. ஓனர் பேரு வந்த இடத்துல எல்லாம் வசந்தாமணின்னு என் பேரைப் போட்டான். மீதி பதினாலு பக்கமும் அப்படியே இருந்துச்சு. இந்த ஒப்பந்தம் ஒஹையோ மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டதுன்னு மொதல் பக்கத்துலயே இருக்குது பாருங்க, அதுவும் அப்படியே இருந்துச்சு.

எங்கூட்டுக்காரருதான் கண்டுபிடிச்சு, சின்னியம்பாளையத்துல எதுக்கு ஒஹையோ சட்டம்னு கேட்டாரு. இருந்துட்டுப் போகுதுன்னேன். வெளிநாட்டுச் சட்டம், கொஞ்சம் கனமா இருக்கும். நம்மூர்ச் சட்டம்னா ஆளாளுக்கு ஒரு வக்கீலைத் தெரியும், ஒஹையோ வக்கீலை எவனுக்குத் தெரியும் சொல்லுங்க.

அப்பத்தான் லோகேசு வந்தான். லோகேசு யாருன்னா, எம்மருமக தாரணியோட அண்ணன். சம்பந்தி வீட்டுப் பையன். கல்யாண மண்டபத்துக்கு அலங்காரம் பண்ற தொழில். கடையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க அத்தை, சாமான் வெக்க ஒரு ரூம் வேணும்னான். ஒன்பதாம் நம்பரைக் குடுத்தேன். அட்வான்ஸ்கூட வாங்கலீங்க, எப்படி வாங்கறது. ஒரு லாரி நெறையச் சாமான் வந்துச்சு. ஃபைபர்ல பண்ணுன யானை ரெண்டு, தும்பிக்கையத் தூக்கிக்கிட்டு நிக்கறது. மாப்பிள்ளை பொண்ணு உக்கார்ற சிம்மாசனம் ரெண்டு. கை கூப்பிக்கிட்டு நிக்கற பொம்பளைப் பொம்மை நாலு. சோப்புக் குமிழி விடற மெஷின். அப்புறம் ஒரு இரும்பு பீரோ. எல்லாம் உள்ள போச்சு, அவன் பூட்டைப் போட்டுட்டுப் போனான்.

ஆனி வரைக்கும் ஒழுங்கா வாடகை வந்துச்சு. ஆடியில வரலை. ஆடியில கல்யாணம் ஏது, சரின்னு விட்டேன். ஆவணியில வரலை. புரட்டாசியிலயும் வரலை.

கேக்க முடியுங்களா? மருமகளைக் கட்டிக்குடுத்த வீடு. வாடகையக் குடுன்னு வாயத் திறந்து கேட்டா நாளைக்குத் தாரணி மூஞ்சியில எப்படி முழிக்கறது. நான் கேக்கவே இல்லைங்க, ஒரு வார்த்தை கேக்கலை. அவன் வர்ற நேரம் பாத்து போன்ல யார்கூடயாவது, இந்தக் காலத்துல ஜனங்களுக்கு வாடகை குடுக்கோணும்னு தோணறதே இல்லைன்னு கொஞ்சம் சத்தமாப் பேசுவேன், அவ்வளவுதான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல ஒரு ரோஜாப்பூப் படம் போட்டு, அதுக்குக் கீழ ‘மூன்று மாதம் என்பது தொண்ணூறு நாட்கள்’னு போட்டேன். பொதுவாத்தான் போட்டேன். அதுக்கு அவன் கையெடுத்துக் கும்புடற பொம்மை அனுப்பறான்.

கவினுகிட்டச் சொன்னேன். அவன் ஒண்ணும் தெரியாம, இங்கெல்லாம் வாடகை குடுக்கலைன்னா ஓனர் அவங்க பூட்டு மேல இன்னொரு பூட்டப் போட்டுருவாங்கம்மா, அப்புறம் நோட்டீசு, பேப்பர்ல விளம்பரம், ஏலம், எல்லாம் சட்டத்துலயே இருக்குதுன்னான். பேச்சுவாக்குலதான் சொன்னான். எனக்கு அது தெய்வ வாக்காட்டம் இருந்துச்சு. பாருங்க, வாயத் திறந்து கேக்கவே வேண்டியதில்லை. பூட்டு கேட்டுக்கும். ஐப்பசி மொத வாரம் ஒரு நாள் காலையில கடைத்தெருவுக்குப் போய் சிவப்புக் கலர்ல ஒரு பூட்டு வாங்கியாந்து ஒன்பதாம் நம்பர்ல மாட்டிட்டேன்.

மாட்டி அரை மணி நேரம் ஆகலை, அவன் வந்துட்டான். பூட்டப் பாத்தான், என்னையப் பாத்தான்.

"அத்தை, இது என்னங்க?"

"சட்டம் தம்பி."

"இல்லீங்கத்தை, பீரோவுக்குள்ள..."

"எதுவா இருந்தாலும் மொதல்ல வாடகை."

"அதைத்தானுங்க சொல்ல வர்றேன். உள்ள..."

"உள்ள போக முடியாது தம்பி. என் கையில ஒண்ணும் இல்லை. ஒஹையோக்காரன் எழுதி வெச்சிருக்கறான்."

அவன் ரெண்டு மூணு தடவை பீரோ பீரோன்னு ஆரம்பிச்சான். நான் விடலை. உறுதியா நின்னேன். அந்த ஐப்பசி முகூர்த்தத்துக்கெல்லாம் அவன் சூலூர்ல ஜெயசீலன்னு இன்னொரு அலங்காரக்காரன்கிட்ட யானை வாடகைக்கு எடுத்து வேலை பாத்தானாம். பாருங்க திமிரை. கண்டவன் யானைக்கு வாடகை குடுக்கத் தெரியுது, எனக்குக் குடுக்கத் தெரியலை.

அடுத்து நோட்டீசு. வாடகைக்காரர் குடுத்த விலாசத்துக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்போணும். ஒப்பந்தத்தை எடுத்துப் பாத்தா, கடையைக் காலி பண்ணிட்டதால விலாசம்ங்கற இடத்துல அவன், ‘ஒன்பதாம் நம்பர் ரூம், வசந்தாமணி ஸ்டோரேஜ், சின்னியம்பாளையம்’னு எழுதி வெச்சிருக்கறான். அவங்கப்பா வீடு எனக்குத் தெரியும், ரெண்டு கிலோமீட்டர். ஆனா சட்டம் குடுத்த விலாசம்னுதானே சொல்லுது. அதுக்கே அனுப்புனேன். தபால்காரர் வந்து பூட்டப் பாத்துட்டு, பூட்டுனது யாருன்னாரு. நான்தான்னேன். அனுப்புனது யாருன்னாரு. அதுவும் நான்தான்னேன். அவரு தபாலையும் பேனாவையும் என்கிட்டயே நீட்டுனாரு. அப்புறம் வாங்கிக்கிட்டவங்க இடத்துல நானே கையெழுத்துப் போட்டு, தபாலை ஷட்டருக்கு அடியில தள்ளி விட்டேன். ஒரு குறை சொல்ல முடியாது.

லோகேசு வந்து நோட்டீசு எனக்குக் கெடைக்கலைன்னான். ரூமுக்குள்ள இருக்குது தம்பின்னேன். அன்னைக்குப் போனவன்தான் ஒப்பந்தத்தை எடுத்துப் படிச்சிருக்கறான். பதினாலு பக்கமும். ஒரு வாரம் கழிச்சு வந்து ரொம்ப மரியாதையா, பதினொண்ணாம் பக்கத்துல அந்த ஜில்லாவுல ஓடற பேப்பர்ல ரெண்டு வாரம் விளம்பரம் குடுக்கோணும்னு இருக்குதுங்கத்தை, அந்த ஜில்லான்னா ஒஹையோவுல இருக்கற ஜில்லாவில்லீங்களான்னான். வாய்க்குள்ள சிரிச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா பையன் சொல்றது நெசம். அப்படித்தான் போட்டிருக்குது.

எங்கூட்டுக்காரரு பேப்பர மடிச்சு வெச்சுட்டு, இதோட விட்டுருன்னாரு. விடறதுக்கா பூட்டு வாங்குனேன்? கவினு தலையில அடிச்சுக்கிட்டே அந்த மாநிலத்துக் கொலம்பஸ் ஊர்ல ஒரு பேப்பர்ல ரெண்டு வாரம் விளம்பரம் குடுத்தான், டாலர்ல. சின்னியம்பாளையத்துல யானை ரெண்டு, சிம்மாசனம் ரெண்டு ஏலம்னு அமெரிக்கா பேப்பர்ல வந்துச்சுங்க தம்பி, கட்டிங் வெச்சிருக்கறேன், அப்புறம் காட்டறேன். அதைப் பாத்துட்டு ஒரு வெள்ளைக்காரக் கெழவி கவினுக்குப் போன் பண்ணி, யானை உயிரோட இருக்குதா, சாப்பாடு போடறாங்களான்னு அழுதிருக்குது.

இதுக்கு நடுவுலதான் பேத்திக்குக் காதுகுத்து வெச்சாங்க. தை மாசம், கவினும் தாரணியும் கொழந்தையும் வர்றாங்க. மகிழினின்னு பேரு, பதினோரு மாசம். நான் மண்டபம் சொல்லி, முந்நூறு பேருக்குப் பத்திரிகை குடுத்து, எங்க நாத்தனாருகிட்ட எல்லாம் தாய்மாமன் சீரு அம்பத்தொரு தட்டு வருதுன்னு சொல்லியாச்சு. உங்களுக்குத்தான் தெரியுமே, தாய்மாமன் மடியில உக்கார வெக்காமக் காது குத்த முடியுங்களா? அவன் தோடு போடோணும், அவன் பட்டுப் பாவாடை குடுக்கோணும். எங்க நாத்தனாரு பேத்திக்கு முப்பத்தொரு தட்டு வந்துச்சு, நான் எண்ணுனேன்.

வந்து எறங்குன அன்னைக்கே தாரணி அண்ணனுக்குப் போன் போட்டா. போனை வெச்சுட்டு என்கிட்ட வந்து நின்னா.

"அத்தை, அண்ணன் மடிய மட்டும் கொண்டு வர்றானாம். சீரு வராதாம்."

"ஏன் வராது?"

"கொழந்தை பொறந்தப்பவே தோடு, கொலுசு, பட்டு எல்லாம் வாங்கி வெச்சுட்டானாம். ஒன்பதாம் நம்பர் ரூம்ல, பீரோவுக்குள்ள இருக்குதாம்."

பூட்டைத் தொறந்து விடுங்க அத்தை, காதுகுத்து முடிஞ்சு மறுபடியும் பூட்டிக்கங்கன்னு அழாத குறையாச் சொன்னா. கவினும் சொன்னான். எங்கூட்டுக்காரரு எந்திரிச்சே வந்துட்டாரு. ஆனா தம்பி, மத்த இருபத்தொரு ரூம்காரங்களும் பாத்துக்கிட்டு இருக்கறாங்க. ஒஹையோ பேப்பர்ல விளம்பரம் வந்தாச்சு. இன்னைக்கு நான் பூட்டைத் தொறந்தா அப்புறம் எவன் என்னைய மதிப்பான்? ஏலத்தன்னைக்கு நாமளே எடுத்துக்கலாம், யாரு வரப்போறா, அஞ்சு பத்துல முடிஞ்சிரும்னு சொன்னேன். கணக்குப் போட்டுத்தாங்க சொன்னேன்.

காதுகுத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு ஏலம். சட்டப்படி ஷட்டரத் தூக்கலாம், வாங்க வந்தவங்க வாசல்ல நின்னு பாக்கலாம், உள்ள கால் வெக்கக்கூடாது. சாக்பீஸ்ல கோடு போட்டேன். வந்தது நாலே பேர். பழைய இரும்பு எடுக்கற மூக்கையா, வேடிக்கை பாக்க ரெண்டு ரூம்காரங்க, அப்புறம் எங்கிருந்தோ மோப்பம் புடிச்சு அந்தச் சூலூர் ஜெயசீலன். லோகேசு ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தான், மடியில மகிழினி. ஏலம் கவினு விட்டான். ஓனரே கேட்டா நல்லா இருக்காதுன்னு எங்கூட்டுக்காரரைக் கேக்கச் சொன்னேன். அவரு தானாக் கை தூக்க மாட்டாரு, அதனால பக்கத்துல நின்னு கிள்ளுனேன்.

மூக்கையா மூவாயிரம்னாரு. நான் கிள்ளுனேன், அஞ்சாயிரம். முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஜெயசீலன் பத்துன்னான். யானைக்குத்தான் அவன் கேக்கறான், ஆனா ரூமோட எடுத்தா பீரோவும் போயிரும், பீரோ போனா எம்பேத்தி தோடு சூலூருக்குப் போயிரும். கிள்ளுனேன், பதினஞ்சு. அவன் இருபது. நான் கிள்ளுனேன். அவன் நாப்பது. தாரணி, அத்தை அத்தைன்னு என் முந்தானையப் புடிச்சு இழுக்கறா. நான் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கிள்ளுனேன். எங்கூட்டுக்காரரு கையி ஒரு வாரம் நீலம் பாரிச்சுக் கெடந்துச்சுங்க. கடைசியில ஒண்ணேகால் லட்சம்னு நான் நின்னேன். ஜெயசீலன் லோகேசப் பாத்தான், லோகேசு டீக் கிளாசக் கீழ வெச்சான், ஜெயசீலன் போதுங்கம்மா, நீங்களே எடுத்துக்குங்கன்னுட்டான். தொழில் பாக்கறவன், யானையோட மதிப்புத் தெரியும், இருந்தாலும் பயந்துட்டான் பாருங்க. நான் ஜெயிச்சுட்டேன்.

லோகேசு கொழந்தையத் தாரணிகிட்டக் குடுத்துட்டு எந்திரிச்சு வந்தான். பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தான்.

"அத்தை, பதினாலாம் பக்கம். ஏலத்துல வந்த காசுல வாடகையும் செலவும் எடுத்துக்கிட்டு, மீதியை வாடகைக்காரனுக்கே குடுத்துரோணும்னு போட்டிருக்குதுங்க."

படிச்சுப் பாத்தேன். போட்டிருக்குது. இதோ, உங்க கைக்கு நேரா இருக்கற வரி. அமெரிக்காக்காரனுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதுன்னு நெனச்சேன், ஆனா சட்டம்னா சட்டம்தானுங்களே. வாடகை, விளம்பரச் செலவு போக மீதி தொண்ணூறாயிரத்துச் சில்லறைக்கு அங்கயே செக்கு எழுதிக் குடுத்தேன். அவன் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டான். போறப்ப அந்த ஜெயசீலனையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் போனான். ஏலத்துல தோத்தவன் நடந்து போக வேண்டாம்னு எரக்கப்பட்டான் போலிருக்குது. மனசு நல்ல மனசுதான்.

எல்லாரும் போனப்புறம் பீரோவைத் தொறந்தேன். சாவிய அவனே குடுத்துட்டுத்தான் போனான். மேல் தட்டுல தோட்டுப் பெட்டி, கொலுசு, அரக்குக் கலர்ல துளியூண்டு பட்டுப் பாவாடை. கீழ்த் தட்டுல ஒரு கவரு. மேல எழுதியிருந்துச்சு: ‘அத்தைக்கு. நாலு மாச வாடகை. லேட்டாயிருச்சு, கோவிச்சுக்காதீங்க.’ தேதி போட்டிருந்தான். நான் சிவப்புப் பூட்டு மாட்டுன நாளுக்கு முந்தின நாள். அன்னைக்குச் சாயங்காலம் ஏதோ கல்யாண வீட்டுல அட்வான்ஸ் வாங்கியாந்து எண்ணி வெச்சுட்டு, காலையில என் கையில குடுக்கலாம்னு போயிருக்கறான். காலையில வந்தா பூட்டு.

எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சுங்க. வெக்கமா இருந்துச்சு. யானை ரெண்டும் என்னையவே பாத்துக்கிட்டு நின்ன மாதிரி இருந்துச்சு.

ஆனா நீங்களே சொல்லுங்க தம்பி, ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமில்ல? காசு உள்ள இருக்குதுங்கத்தைன்னு ஒரு வார்த்தை? கடைசி வரைக்கும் சொல்லவே இல்லைங்க அவன்.

தோட்டுப் பெட்டியையும் பட்டையும் ராத்திரியோட ராத்திரியா கவினுகிட்டக் குடுத்து லோகேசு வீட்டுக்கு அனுப்பி வெச்சுட்டேன். காதுகுத்துக்கு சீரு வந்துச்சு பாருங்க. அம்பத்தொரு தட்டு சொன்னேன், நூத்தியொண்ணு வந்துச்சு. பழம் என்ன, முட்டாயி என்ன, பேத்திக்கு வெள்ளியில கிலுகிலுப்பை என்ன. எங்க நாத்தனாரு எண்ணி முடிச்சுப்போட்டு, மறுபடியும் மொதல்ல இருந்து எண்ணுனாங்க. வாசல்ல எங்க யானை ரெண்டும் நின்னுச்சு. மகிழினி காது குத்தறப்பகூட அழுகலைங்க, யானையப் பாத்துத்தான் அழுதா. இவ்வளவு சீருக்கு எங்கடா காசுன்னு யாரோ கேட்டதுக்கு லோகேசு எல்லாருக்கும் முன்னாடி, எல்லாம் எங்கத்தை குடுத்ததுன்னு சொல்லி என் காலத் தொட்டுக் கும்புட்டான். எவ்வளவு மரியாதை பாருங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

இப்ப அந்த யானை என்னோடதுங்க. ஒன்பதாம் நம்பர்லயே நிக்குது, அந்த ரூமுக்கு வாடகை வர்றதில்லை. லோகேசு கல்யாணத்துக்கு வேணுங்கறப்ப வந்து எடுத்துட்டுப் போவான், கொண்டாந்து விட்டதும் வாடகைய என் கையிலயே குடுத்து ரசீது வாங்கிக்குவான். அந்தக் கவரை மட்டும் நான் இன்னும் பிரிக்கலை. வாடகைதான் ஏலத்துலயே வந்துருச்சே. இந்த மேசை டிராயர்ல கெடக்குது, அப்பப்ப எடுத்து மேல எழுதியிருக்கறதப் படிச்சுட்டு வெச்சுருவேன்.

அதனாலதான் தம்பி, பதினாலாம் பக்கத்துல அதை எழுதுனேன். படிச்சுட்டீங்களா? ‘ஒறம்பரைக்கு ரூம் கிடையாது.’ அவ்வளவுதான். சொந்தக்காரங்ககிட்ட வாடகைய வாயத் திறந்து கேக்க முடியாது. கேக்க முடியலைன்னா பூட்டு வாங்கோணும், நோட்டீசு அனுப்போணும், அமெரிக்காவுல விளம்பரம் குடுக்கோணும். அந்நியர்னா பிரச்சனையே இல்லை பாருங்க. உங்ககிட்ட நான் ஒண்ணாந் தேதியே கேட்டுருவேன்.

போடுங்க, அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல போடுங்க. சொந்த ஊரு எதுங்க தம்பி? காங்கேயங்களா. நல்ல ஊரு. சம்சாரம்? வெள்ளகோவில். வெள்ளகோவில்ல யாரு வீடுங்க? அரிசி மில்லு வீடா? அந்தக் கிழக்கால ரோட்டுல, பச்சைக் கேட்டுப் போட்டது? அவங்க தங்கச்சியத்தானே ஊத்துக்குளியில குடுத்திருக்குது... இருங்க, இருங்க. அப்படின்னா தாரணியோட அம்மாவுக்கு உங்க சம்சாரம் சித்தப்பா மகளாகுதுங்களே.

அந்தப் பேனாவை இப்படிக் குடுங்க தம்பி. ரூம் ஒண்ணும் காலியில்லைங்க. இருங்க, எங்க எந்திரிக்கறீங்க, காப்பி போடச் சொல்றேன், குடிச்சுட்டுத்தான் போகோணும்.